அறுந்தே ஆகவேண்டிய நூல்

சந்திரமதியை எனக்கு அவள் பாவாடை கட்டிய காலத்திலிருந்து தெரியும். தேக்காவில், பஃபலோ ரோட்டில், எங்கள் வீட்டுக்கு மூன்று கடை தள்ளி, கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர் அவள் அம்மா பாக்கியலட்சுமி. 1962இல் நான் ஊரை விட்டுப் போனபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. மெஷினுக்குக் கீழே குந்தி, விழுந்த பித்தான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்து பார்க்கிறேன், இடது காலைச் சற்று வெளிப்பக்கமாக வைத்து நடக்கிறாள்.

இடையில் நடந்ததை மூன்று பேர் எனக்குச் சொன்னார்கள். அவள், அவள் அம்மா, பிறகு சாகுல் ஹமீது. மூவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். மூவரும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பேசியதே இல்லை. அது ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அப்பா இல்லாத வீடு. துறைமுகத்தில் வேலை செய்தவர், அவளுக்கு ஒன்பது வயதானபோது காய்ச்சலில் போய்விட்டார். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவளை வேலையில் சேர்த்துவிட்டவர் சாகுல் ஹமீது. பக்கத்துக் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தார். கிழக்குக் கரையோரம் இருந்த பிரிட்டிஷ் விமானத் தளம் ஒன்றில் அவருக்குப் பாராசூட் மடிக்கிற வேலை. தளத்தின் பெயரை எழுதப்போவதில்லை. கிழிந்த பாராசூட் குடைகளைத் தைக்க அங்கே ஆள் தேவைப்பட்டது. பதினாறு வயதில் சந்திரமதி நீண்ட மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வெள்ளைத் துணியை விளக்குக்கு நேரே பிடித்து ஓட்டை தேடுவாள், வட்டமாகச் சுண்ணாம்புக்கோடு போடுவாள், ஒட்டுப் போட்டுத் தைப்பாள்.

"ஒன்றரை வருஷம் ஒரே துணியத் தைச்சேன்க்கா," என்றாள் என்னிடம். "அது எப்படி ஆளத் தாங்குதுன்னு ஒரு தடவையாவது பாக்கணும்னு தோணாதா?"

தளத்தில் வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்காகக் குதிப்பதற்கு ஒரு சிறிய கிளப் வைத்திருந்தார்கள். பெரும்பாலும் இளம் சிப்பாய்கள். பயிற்சி கொடுத்தவர் டாப்ஸன் என்ற சார்ஜண்ட். சந்திரமதி போய்க் கேட்டபோது அவர் சிரித்தார். இரண்டாம் முறை கேட்டபோது, கிளப்பின் பழைய குடைகளையும், உடம்பில் கட்டும் வார்களையும் தைத்துத் தருவாயா என்று கேட்டார். தருகிறேன் என்றாள். அப்படித்தான் 1966 ஜனவரியில், பதினேழு வயதில், அவள் பயிற்சியில் சேர்ந்தாள்.

ஆறு ஞாயிறு தரையில்தான். எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் பலகை போட்ட மேடையிலிருந்து மணலில் குதிக்க வேண்டும். இரண்டு முழங்காலும் ஒட்டியிருக்க வேண்டும், விழுந்ததும் பக்கவாட்டில் உருள வேண்டும். உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட வாரில் அரைமணி நேரம் தொங்க வேண்டும். சத்தமாக எண்ண வேண்டும். தமிழில் எண்ணினால் நேரம் கூடுதலாகிறது என்று சார்ஜண்ட் அவளை ஆங்கிலத்தில் எண்ணச் சொன்னார். வெள்ளைக்காரப் பையன்கள் அவளை "டெய்லர்" என்று கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய வார்களையெல்லாம் தைத்தவள் அவள்தானே.

நூலைப் பற்றிய பாடம் ஐந்தாம் ஞாயிறு நடந்தது. விமானத்துக்குள் ஒரு கம்பி ஓடும். நீண்ட நாடா ஒன்றின் ஒரு முனையை அந்தக் கம்பியில் மாட்டுவார்கள். மறுமுனை, முதுகுப் பைக்குள் மடித்திருக்கும் குடையின் உச்சியோடு வெள்ளைப் பருத்தி நூலால் கட்டப்பட்டிருக்கும். ஆள் விழ விழ அந்த நாடா குடையைப் பையிலிருந்து இழுத்து முழுக்க நீட்டிவிடும். நீண்டு முடிந்த அந்த நொடியில், ஆளின் எடையைத் தாங்க முடியாமல் நூல் அறுந்துவிட வேண்டும். அறுந்தால்தான் ஆள் விமானத்தை விட்டுப் பிரிவார். குடை விரியும்.

"மற்றது எல்லாம் பலமாக இருக்க வேண்டும். இது ஒன்று மட்டும் பலவீனமாக இருக்க வேண்டும்," என்றாராம் சார்ஜண்ட். அறாவிட்டால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். விமானத்துக்குப் பின்னால் தொங்குவாய் என்றார். நினைவோடு இருந்தால் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக் காட்டு. நாங்கள் நாடாவை வெட்டிவிடுவோம். நெஞ்சில் இருக்கும் மாற்றுக் குடையை நீயே இழுத்துத் திற. பதினோரு வருடத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

அம்மாவிடம் அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை. தொடையில் கன்றிப்போயிருந்ததைப் பாக்கியலட்சுமி தற்செயலாகத்தான் பார்த்தார்.

"யாருடி அடிச்சா?"

"யாரும் அடிக்கலம்மா. நானே விழுந்தேன்."

"இது பழைய காயம், இது புதுக் காயம். வாரா வாரமா விழுற?"

"வாரா வாரம்தான்."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. பாக்கியலட்சுமி மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லையாம். கையிலிருந்த ரவிக்கையைத் தைத்துக்கொண்டே கேட்டாராம்.

"வானத்துலேர்ந்து குதிச்சா சம்பளம் தர்றாங்களா?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்கு?"

அதற்குப் பதில் அவளிடம் இல்லை. இருபத்தொரு வயது ஆகாததால் அம்மாவின் கையெழுத்து வேண்டும். காகிதத்தை நீட்டினாள். அம்மா அதை வாங்கி, இரண்டாக மடித்து, பித்தான் டப்பாவுக்குக் கீழே வைத்தார். மூன்று வாரம் அது அங்கேயே கிடந்தது.

சாகுல் ஹமீதையும் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தார். "நீதானே தம்பி கொண்டுபோய்ச் சேத்தே? நீ குதிப்பியா?"

"நான் மடிக்கிறவன்லா அக்கா. குதிக்கிறவன் இல்ல. எனக்கு மூணு புள்ள."

"எனக்கு ஒண்ணுதான்," என்றார் பாக்கியலட்சுமி.

அந்த நேரம் பார்த்துத்தான் கிளப்பில் கட்டு நூல் தீர்ந்துகொண்டு வந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர ஆறு வாரம் ஆகும். தையற்காரி மகள் இருக்கும்போது என்ன கவலை என்று சார்ஜண்ட் மாதிரிக்கு ஒரு முழம் கொடுத்து, இதே போல ஊரில் கிடைக்குமா பார் என்றார். சந்திரமதி அதைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினாள். கையெழுத்துக்கு மசியாத அம்மா இதற்காவது பேசுவாள் என்று நினைத்தாளாம். பாக்கியலட்சுமி நூலை விரலில் சுற்றிப் பார்த்தார், பல்லில் வைத்துப் பார்த்தார். மறுநாள் அரப் ஸ்ட்ரீட்டிலிருந்து அட்டையில் சுற்றிய ஒரு நூல்கண்டு வாங்கிவந்தார். அசல் அதே நூல்.

அடுத்த ஞாயிறு கிளப்பில் அதைச் சோதித்தார்கள். குறித்த எடையுள்ள மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆறு முறை, ஆறு முறையும் அறுந்தது. சார்ஜண்ட் கண்டின் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சந்திரமதி கண்டோடு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாள்.

"தொங்கவிட்ட உடனே அறுந்துச்சும்மா. ஆறு தடவையும். சார்ஜண்ட் ரொம்பச் சந்தோஷப்பட்டாரு."

பாக்கியலட்சுமி கண்டை வாங்கி மெஷின் மேல் வைத்தார்.

பாக்கியலட்சுமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பஃபலோ ரோட்டில் அவர் பெயரே கெட்டியான தையலுக்குத்தான். மாட்டுத்தொழுவத்துக்காரர்களின் கித்தான் பைகளிலிருந்து கல்யாண ரவிக்கை வரை, துணி நைந்து போனாலும் அவர் போட்ட தையல் நிற்கும். ஒரு முறை கூட நூல் விட்டுவிட்டது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. அவருக்கு நூல் என்றால் பிடித்துக்கொள்வது. அறுவதற்கென்று ஒரு நூல் உண்டு என்பதை மகள் எப்படிச் சொன்னாலும் அவர் காதில் விழுந்தது ஒன்றுதான்: என் மகள் தொங்கப்போகிற நூல், மணல் மூட்டையைக்கூடத் தாங்கவில்லை.

மறுநாள் காலை பித்தான் டப்பாவை நகர்த்திக் காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். சந்திரமதிக்கு நம்ப முடியவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "சரி சரி, போ, வேலைக்கு நேரமாச்சு," என்றாராம் அம்மா.

அவள் வேலைக்குப் போன பிறகு பாக்கியலட்சுமி அந்தக் கண்டிலிருந்த பருத்தி நூலை முழுவதும் பிரித்தார். தோல் பைகளுக்குப் போடும் நைலான் நூலை எடுத்து, மினுமினுப்பு தெரியாமல் இருக்கத் தையற்சுண்ணாம்பில் இழுத்து, அதே அட்டையில் வரிவரியாகச் சுற்றினார். இதை அவர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். "அட்டை அதேதான். கையெழுத்தும் அதேதான். நூல்தான் வேற. எருமைய வச்சு இழுத்தாலும் அறாது."

ஒரு கண்டை ஒரு முறை சோதித்தால் போதும் என்பது கிளப்பின் வழக்கம். அந்தக் கண்டு சோதிக்கப்பட்ட கண்டு.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு. காற்று இல்லை. கடல் பக்கமிருந்து ஒரு பறவை கூட வரவில்லை என்று சாகுல் ஹமீது சொல்கிறார். அதை அவர் பிறகுதான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அன்று மூன்று பேர் குதிப்பதாக இருந்தது. மற்ற இருவரின் குடைகள் முந்தின வாரமே பழைய நூலால் கட்டி மடித்தவை. புது நூலால் கட்டிய முதல் குடை சந்திரமதியுடையது. அவளே கட்டினாள். அங்கே எல்லோரும் அந்தப் பருத்தி நூலைக் கையில் சுற்றி ஒரு சுண்டு சுண்டி அறுத்துக்கொள்வார்கள். அவள் தையற்காரி. துணிப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வெட்டினாள். நூல் கையில் கொஞ்சம் வழுக்கியதாம். வியர்வை என்று நினைத்துப் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டாளாம். சார்ஜண்ட் வந்து முடிச்சைப் பார்த்தார். வெள்ளை நூல், சரியான முடிச்சு. தலையசைத்துவிட்டுப் போனார்.

திடலின் நடுவில் வெள்ளைக் கித்தானைச் சிலுவை போல விரித்து வைத்திருப்பார்கள். சிலுவை கிடந்தால் மேலேயிருந்து குதிக்கலாம். சிலுவையின் ஒரு கையை மடித்து எடுத்துவிட்டால் குதிக்கக் கூடாது என்று அர்த்தம். அந்த விமானத்தோடு தரையிலிருந்து பேச வேறு வழி கிடையாது. அன்று கித்தானுக்குப் பொறுப்பு சாகுல் ஹமீது.

விமானத்தில் ஏறப் போகும்போது அவரிடம்தான் அவள் துணிப்பையைக் கொடுத்தாள்.

"கீழ வந்ததும் எனக்கு பரோட்டா வாங்கித் தரணும் மதி."

"மேலேயே இருந்துட்டா?"

"இருந்துட்டா நான் என் காசுல சாப்பிட்டுக்கறேன்லா."

அவளும் சிரித்தாள். பிறகு பல மாதம் தான் பரோட்டா சாப்பிடவில்லை என்று சாகுல் ஹமீது சொன்னார்.

விமானம் இரண்டாயிரத்து ஐந்நூறு அடிக்கு ஏறியது. முதல் சுற்றில் ஒரு சிப்பாய் குதித்தான். குடை விரிந்தது, அழகாக இறங்கி வந்தான். விமானம் மறுபடி சுற்றி வரப் போனது. அந்த இடைவெளியில், காற்றின் திசை காட்டும் துணிக்குழல் கம்பத்திலிருந்து நழுவிக் கொண்டிருப்பதை சாகுல் ஹமீது பார்த்தார். கட்டுவதற்கு நூல் வேண்டும். அவள் பைக்குள் கை விட்டுக் கண்டை எடுத்தார். வழக்கம் போலக் கையில் சுற்றி ஒரு சுண்டு சுண்டினார்.

நூல் அறவில்லை. விரலின் தோல் அறுந்தது.

இன்னொரு முறை சுண்டினார். ரத்தத்தில் நூல் சிவந்தது, அறவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சார்ஜண்டின் கையெழுத்து இருந்தது. பதினான்கு வருடமாகப் பாராசூட் மடிக்கிறவருக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. கம்பத்திலிருந்து சிலுவைக்கு நூறு கஜம் இருக்கும். ஓடினார். விமானம் திடலை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தது. கதவில்லாத வாசலில் ஒரு உருவம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கித்தானின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே மேலே பார்த்தார்.

குதிக்கச் சொல்லி அவள் தோளைத் தட்டிய பிறகுதான் சிலுவை குலைவதைக் கண்டேன் என்று சார்ஜண்ட் விசாரணையில் சொன்னார்.

சந்திரமதிக்கு நினைவிருப்பது சத்தம்தான். குதித்ததும் எண்ணத் தொடங்கினாள். நான்கு எண்ணுவதற்குள் இடுப்பை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல இருந்தது. குடை விரிந்துவிட்டது என்று நினைத்தாள். ஆனால் விமானத்தின் இரைச்சல் குறையவில்லை. மேலே பார்த்தாள். வெள்ளைத் துணி முறுக்கிப் பிழிந்த புடவை மாதிரி நீண்டு கிடந்தது. அதன் மறுமுனையில் விமானத்தின் வயிறு தெரிந்தது. காற்று அவளைச் சுழற்றியது.

"பயந்தியா?"

"பயப்படறதுக்கு முன்னாடி வெக்கமா இருந்துச்சுக்கா. எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்களேன்னு."

இரண்டு கைகளையும் தலைமேல் வைத்தாள். மேலே வாசலில் சார்ஜண்டின் முகம் தெரிந்தது, மறைந்தது. நாடாவை உடனே வெட்டவில்லை. கூடுதல் உயரம் வேண்டும், கீழே கட்டடங்கள் இருக்கக் கூடாது. விமானம் அவளைக் கட்டி இழுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் மெல்ல ஏறியது. ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் கையைத் தலையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் மயங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வார்களோ என்ற பயம்.

பிறகு இரைச்சல் சட்டென்று விலகியது. நெஞ்சிலிருந்த குடையை இழுத்தாள். அது விரிந்தது, ஆனால் மேலேயிருந்து சரிந்து வந்த பெரிய குடை அதன் ஒரு பக்கத்தில் சிக்கிக்கொண்டது. பாதிக் குடையில் இறங்கி, கரையோரச் சதுப்பில் விழுந்தாள். இடது கணுக்கால் மூன்று இடத்தில் உடைந்தது. அவளை முதலில் வந்து தூக்கியவர்கள் வலை காயவைத்துக்கொண்டிருந்த இரண்டு மலாய்க்காரர்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், பார்வையாளர் நேரத்தில், சாகுல் ஹமீது விரலில் கட்டோடு வந்தார். யாரும் பார்க்காமல் கண்டை அவள் போர்வைக்கு அடியில் வைத்தார். "இத இன்னும் யார்ட்டயும் குடுக்கல. கேக்குறாங்க. நீ பாத்துட்டுச் சொல்லு," என்றார்.

நூலின் அடி நுனியை அட்டையில் ஒரு சிறு வெட்டுப் போட்டு, அதில் இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகியிருந்தது. பஃபலோ ரோட்டில் அப்படிச் செருகுகிறவர் ஒருவர்தான். அவள் கண்டை மறுபடி போர்வைக்குள் தள்ளினாளாம்.

"நான்தான் கடையில தப்பா எடுத்துட்டேன்ணே. அப்படியே சொல்லிடுங்க."

"கையெழுத்துப் போட்ட அட்டையில எப்படிம்மா தப்பு வரும்?"

"சிக்கு விழுந்துச்சு, வேற நூல் சுத்திட்டேன்னு சொல்றேன். அம்மா பேரு வரக் கூடாது."

விசாரணையில் அப்படியே சொன்னாள். கிளப்பிலிருந்து நீக்கினார்கள். தையல் மேசையிலிருந்தும் நீக்கினார்கள். நூல் மாற்றிக் கட்டுகிறவளை அங்கே எப்படி வைத்துக்கொள்வார்கள்? சார்ஜண்டை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் போவதற்கு முன் வார்டுக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனாராம்.

பாக்கியலட்சுமியும் தினமும் வந்தார். தூக்குச்சட்டியில் ரசம் சாதம். பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் சொன்னார்: "என் மக விமானத்துலேர்ந்து விழுந்துட்டா. நான் குடுத்த நூல்தான் ஒம்போது நிமிஷம் தாங்கிப் புடிச்சுச்சு. அவங்க குடுத்த நூலா இருந்தா அப்பவே அறுந்திருக்கும்."

மகள் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமாம்மா," என்றாள்.

அந்த "ஆமாம்மா" மூன்று வருடம் நீடித்தது. இப்போது அவர்கள் குவீன்ஸ்டவுனில் ஏழாவது மாடியில் இருக்கிறார்கள். சந்திரமதி உடுப்புத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறாள். பாக்கியலட்சுமியின் மெஷின் சன்னலோரம் இருக்கிறது. அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் நூல் கதையைச் சொல்வார். சாகுல் ஹமீது அந்த வீட்டுக்கு வருவதில்லை. கதையைக் கேட்டுக்கொண்டு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை என்கிறார். அவருக்குத் தலைக்கனம் என்பது பாக்கியலட்சுமியின் எண்ணம்.

சென்ற மாதம் சந்திரமதி மறுபடி பயிற்சியைத் தொடங்கிவிட்டாள். பாலத்துக்கு அப்பால், ஜொகூரில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறு திடல். கால் நேராக இல்லை, வலது காலில் இறங்கக் கற்றுக்கொள்கிறேன் என்றாள். எதற்கு என்று நானும் கேட்டேன். அவள் அம்மா கேட்டபோது இல்லாத பதில் எனக்கும் கிடைக்கவில்லை. நானும் ஏழு வருடம் எதற்கு ஊர் ஊராகப் போனேன் என்று யாருக்கும் சொல்ல முடிந்ததில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

போன வாரம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சந்திரமதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாக்கியலட்சுமி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஜப்பான் சாமான். ஆழ்கடல்ல மீன் புடிக்கிறவங்க வாங்குறாங்களாம். நீ நாலு ஊரு பாத்தவ. இதவிடக் கெட்டி நூல் எங்கயாச்சும் கெடைக்குமா? இவளுக்கு மறுபடி வேணும்ல."

நான் சந்திரமதியைப் பார்த்தேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கட்டிலில் வைத்தாள்.

"அம்மா. அன்னைக்கு அந்த நூல் அறுந்திருந்தா நான் நல்லா நடந்து வந்திருப்பேன்."

"என்னடி சொல்ற?"

"அது அறுந்துபோறதுக்குன்னு கட்டுறது. அறாததாலதான் தொங்குனேன். குடை விரியல."

பாக்கியலட்சுமி என் கையிலிருந்த கண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நுனியைத் தேடிப் பிரித்தார், மறுபடி செருகினார்.

"ஹமீதுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மூணு வருஷமாவா?"

"மூணு வருஷமா."

 போகாதே என்று அவர் சொல்லவில்லை. அன்று பாதி தைத்திருந்த ரவிக்கையின் தோள் தையலை முழுக்கப் பிரித்துவிட்டு, மறுபடி தைத்தார்.

இன்று ஞாயிறு. சந்திரமதி காலையில் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாள். அவள் கேட்டுக்கொண்டதால் நான் அவள் அம்மாவோடு இருக்கிறேன். பாக்கியலட்சுமி மெஷினைத் திறக்கவில்லை. சமைத்ததைத் தொடவில்லை. சன்னலில் நின்று வடக்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் ஜொகூர் தெரியாது, எதிர் பிளாக்கின் துணி காயப்போட்ட மூங்கில்கள்தான் தெரியும்.

பத்தரை மணிக்கு என்னிடம் திரும்பிக் கேட்டார்: "இப்ப அறுந்திருக்கும்ல?"

அறுந்திருக்கும் என்றேன். பத்தே முக்காலுக்கும் அதையே கேட்டார்.